சங்க வானின் வைப்பரும் கடைமடை மின்சாரமும்

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்)



சங்கத்தின் சொத்து என்றால் இரும்புப் பெட்டியிலுள்ள ரொக்கமும், கிட்டங்கியிலுள்ள சரக்கும், பேரேட்டில் கண்ட பாக்கியும் மாத்திரமே என்று பலர் எண்ணுகின்றனர். சங்கத்தின் வாசலில் நிற்கும் பழைய மோட்டார் வானும் அந்தச் சொத்தைச் சேர்ந்ததே. அங்கத்தினர் விளைத்த காய்கறியும், அவர் வீட்டு மாடு கறந்த பாலும் விலையாவது அந்த வான் உரிய வேளைக்குப் போய்ச் சேர்ந்தால்தான். அதனுடைய எஞ்சினைப் பற்றியும், டயரைப் பற்றியும் நிர்வாக சபையில் விவாதம் நடைபெறுகிறது. ஆனால் முன்கண்ணாடியில் மழைநீரைத் துடைக்கும் வைப்பரைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. கோடையில் அதற்கு வேலையில்லை. ஐப்பசி பிறந்துவிட்டாலோ அதைக் கவனிக்க நேரமில்லை. இந்தச் சிறு கருவியின் மின்சார ஏற்பாட்டைக் குறைந்த செலவில் சீர்திருத்துவது எப்படி என்பதே இன்றைய விஷயம்.

நீலகிரியில் கோத்தகிரியைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். அங்கே விளையும் காரட்டும், முட்டைக்கோசும், உருளைக்கிழங்கும் இரவோடிரவாக மூட்டை கட்டப்பட்டு, விடியுமுன் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்க வேண்டும். தூரம் சுமார் 33 கிலோமீட்டர். பெரும்பகுதி மலைச்சரிவும் வளைவுமே. வடகிழக்குப் பருவமழை காலத்தில் அந்தப் பாதையில் மழையும் மூடுபனியும் சேர்ந்து கொள்ளும்.

அத்தகைய ஊரொன்றில் ஒரு சங்கமும், அதற்கு வெகு காலம் உழைத்த வான் ஒன்றும் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். டிரைவர் காரியதரிசியிடம் வந்து, "ஐயா, பலத்த மழையில் வைப்பர் பாதிக் கண்ணாடியில் தயங்கி நிற்கிறது. வளைவில் எதிரே வருவது தெரியவில்லை. மழை சற்று விட்ட பிறகு வண்டியை எடுக்கிறேன்" என்று சொல்லுகிறார். இரண்டு தடவை சரக்கு தாமதமாகப் போய், விலை இறங்கிவிடுகிறது. மழைக்குப் பயந்து தூங்குகிற டிரைவர் என்று அங்கத்தினர்கள் முணுமுணுக்கிறார்கள். நிர்வாக சபை கூடி, ரிப்பேர் நிதியிலிருந்து பணம் எடுத்து, புதிய வைப்பர் மோட்டார் ஒன்று வாங்கிப் பூட்டுகிறது. வைப்பர் முன்போலவே தயங்குகிறது. பிறகு ஒரு நாள் விடியற்காலையில், அந்த வான் வளைவு ஒன்றில் தடுப்புச் சுவரை உராய்ந்து நிற்கிறது. க்ளீனர் பையனுக்குக் கையில் எலும்பு முறிகிறது. டிரைவரிடம் நஷ்டத்தை வசூலிப்பதென்று தீர்மானம் எழுதப்படுகிறது. கையெழுத்தாவதற்கு முன்பு, வண்டியைப் பார்க்க வந்திருந்த எலக்ட்ரீஷியன் ஒருவர், "அபராதம் எழுதுவதற்கு முன் பத்து நிமிஷம் அளந்து பார்க்கலாமா, ஐயா?" என்று கேட்கிறார்.

அவர் அளந்தது என்ன, கண்டது என்ன என்பதை அறிவதற்கு முன், மின்சாரம் வைப்பரை எந்த வழியாகச் சென்றடைகிறது என்று தெரிந்துகொள்வது அவசியம்.

வயலுக்குத் தண்ணீர் வருகிற வழியை அறியாத குடியானவர் இல்லை. தலைமடையில் மதகு நிறைய நீர் புறப்பட்டாலும், வாய்க்கால் தூர்ந்திருந்தால் கடைமடைக்கு ஈரம் மாத்திரமே வந்து சேரும். அங்கே பயிர் வாடினால் பயிரின்மேல் குற்றம் சொல்பவர் உண்டா? வானில் பாட்டரியும் டைனமோவும் தலைமடை; வைப்பர் மோட்டார் கடைமடை. பாட்டரியிலிருந்து புறப்படும் மின்னோட்டம் சாவி ஸ்விட்சைக் கடந்து, பியூஸ் பெட்டியைக் கடந்து, ஸ்டியரிங்கின் பக்கத்திலுள்ள வைப்பர் கைப்பிடி ஸ்விட்சைக் கடந்து, மெல்லிய ஒயரின் வழியே மோட்டாரை அடைகிறது. வேலை செய்த மின்னோட்டம் மோட்டாரின் உடல் வழியாக வண்டியின் இரும்புக் கூட்டில் இறங்கி, பாட்டரியின் மறுமுனைக்குத் திரும்புகிறது. இந்தத் திரும்பும் வழியையே எர்த் என்கிறார்கள். இது வடிகாலைப் போன்றது. வடிகால் அடைபட்டாலும் வாய்க்காலில் ஓட்டம் நின்றுவிடும்.

புதிய வண்டியில் இவ்வழி முழுவதும் சுத்தமாயிருக்கும். வருஷங்கள் செல்லச் செல்ல ஸ்விட்சின் செம்பு முனைகள் கருகுகின்றன. பியூஸ் பிடிப்புகளில் பச்சைக் களிம்பு ஏறுகிறது. மோட்டார் பூட்டியுள்ள இடத்தில் பெயிண்டும் துருவும் சேர்ந்து எர்த்தைத் தடுக்கின்றன. ஒவ்வோரிடத்திலும் அழுத்தத்தில் சிறிது நஷ்டம் ஏற்படுகிறது. அழுத்தத்தின் அளவை வோல்ட் என்றும், ஓட்டத்தின் அளவை ஆம்பியர் என்றும் சொல்லுகிறோம் என்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள்.

எலக்ட்ரீஷியன் எஞ்சினை ஓடவிட்டு, முன்விளக்கை ஏற்றி, கண்ணாடியில் தண்ணீர் ஊற்றி வைப்பரைப் போட்டார். மல்டிமீட்டர் என்னும் சிறு அளவு கருவியைக் கொண்டு நான்கு இடங்களில் அளந்தார். பாட்டரியின் இரு முனைகளுக்கு இடையே 13.6 வோல்ட் இருந்தது. மோட்டாரின் மின் முனைக்கும் அதன் உடலுக்கும் இடையே 9.9 வோல்ட் மாத்திரமே இருந்தது. வழியில் 3.7 வோல்ட் காணாமற் போயிருக்கிறது. பாட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் மோட்டாரின் உடலுக்கும் இடையே மீட்டரை வைத்தபோது 1.2 வோல்ட் காட்டிற்று. அது எர்த் வழியில் நேர்ந்த நஷ்டம். பாட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் மோட்டாரின் மின் முனைக்கும் இடையே 2.5 வோல்ட் காட்டிற்று. அது வரும் வழியில் நேர்ந்த நஷ்டம். இரண்டையும் கூட்டினால் 3.7 ஆகிறது. வரவு செலவுக் கணக்கு நேராகிவிட்டது. வரும் வழியைத் துண்டு துண்டாக அளந்ததில் சாவி ஸ்விட்சிலும் பியூஸ் பெட்டியிலும் 1.3 வோல்ட், கைப்பிடி ஸ்விட்சில் 0.7 வோல்ட், ஒயரில் 0.5 வோல்ட் என்று தெரிந்தது.

இவை மாதிரிக் கணக்கு. வண்டிக்கு வண்டி வேறுபடும். ஆனால் அளக்கும் முறை எல்லா வண்டிக்கும் ஒன்றே. நல்ல நிலையிலுள்ள வழியில் எர்த் நஷ்டம் 0.2 வோல்ட்டுக்கு மேற்படலாகாது. வரும் வழியின் நஷ்டம் சுமார் அரை வோல்ட்டோடு நிற்க வேண்டும். சில மோட்டார்களில் எர்த்துக்குத் தனி ஒயர் உண்டு; அவற்றில் உடலுக்குப் பதிலாக அந்த ஒயரின் முனையில் அளக்க வேண்டும்.

இழந்த அழுத்தம் எங்கே போகிறது? அது உஷ்ணமாக மாறுகிறது. மோட்டார் 5 ஆம்பியர் இழுப்பதாகக் கொண்டால், 1.3 வோல்ட் நஷ்டமாகும் இடத்தில் 6.5 வாட் உஷ்ணம் உண்டாகும். பழைய வண்டிகளில் சாவி ஸ்விட்சும் கைப்பிடியும் சூடாகி, உட்புறம் இளகிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். மோட்டாரின் வேகமும், கண்ணாடியின் உராய்வை வெல்லும் வலுவும் அதற்கு வரும் அழுத்தத்தைப் பொறுத்தவை. 9.9 வோல்ட்டில் தயங்குகிற மோட்டாருக்குப் பதில் புதியதைப் பூட்டினாலும் அதற்கும் 9.9 வோல்ட்தான் வரும். அதனாலேயே அந்தச் சங்கத்தின் புதிய மோட்டாரும் பழையதைப் போலவே தயங்கிற்று.

இனிச் சீர்திருத்தத்தின் படிகளை முறையே கவனிக்கலாம்.

முதலாவது, இயந்திரப் பகுதியில் குற்றமில்லை என்று தெளிந்துகொள்ள வேண்டும். மோட்டாரையும் வைப்பர் கைகளையும் இணைக்கும் கம்பிகளை மோட்டாரிலிருந்து கழற்றிவிட்டு, கைகளை மெதுவாக அசைத்தால் அவை தடையின்றி அசைய வேண்டும். கிரீஸ் காய்ந்து இறுகியிருந்தால் சுத்தம் செய்து புது கிரீஸ் இட வேண்டும். வெடித்துப்போன ரப்பரையும் மாற்ற வேண்டும். இதைச் செய்யாமல் மின்சாரத்தைக் குறை சொல்வது, கல் கிடக்கும் செக்கில் மாட்டை அடிப்பதைப் போன்றது.

இரண்டாவது, எர்த்தைச் செம்மைப்படுத்த வேண்டும். மோட்டார் பூட்டியுள்ள இடத்தில் துருவையும் பெயிண்டையும் சுரண்டி, மோட்டாரின் உடலிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் ஒன்றை வண்டிக் கூட்டின் சுத்தமான போல்ட்டுக்கோ, பாட்டரியின் நெகட்டிவ் முனைக்கோ கொண்டுசெல்ல வேண்டும். அதிகச் செலவில்லாத வேலை இதுவே. பல வண்டிகளில் இதனாலேயே பாதிக் குறை தீர்ந்துவிடும்.

மூன்றாவது, ரிலே வைத்தல். ரிலே என்பது மின்சார மதகு. சிறிய மின்னோட்டம் ஒன்று அதற்குள்ளிருக்கும் சுருளைக் காந்தமாக்க, அந்தக் காந்தம் பெரிய மின்னோட்டத்துக்கு வழி திறந்துவிடுகிறது. சாதாரணமான 12 வோல்ட் ரிலேயின் சுருளுக்குச் சுமார் 0.15 ஆம்பியர் போதும். ஆகையால் பழைய சாவி ஸ்விட்சு இனி வைப்பரின் முழுப் பளுவையும் சுமக்க வேண்டியதில்லை. மதகைத் திற என்று உத்தரவு கொடுத்தால் போதும்.

நான்கு கால் ரிலேயில் 30, 87, 85, 86 என்ற எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். பாட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து புதிய 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் ஒன்றைப் பியூஸ் வழியாக 30-ம் காலுக்குக் கொண்டுவர வேண்டும். முன்பு வைப்பருக்கு மின்சாரம் தந்துவந்த பழைய ஒயரை 86-ம் காலில் சேர்க்க வேண்டும். 85-ம் காலை எர்த் செய்ய வேண்டும். 87-ம் காலிலிருந்து கைப்பிடி ஸ்விட்சுக்குப் போகும் ஒயருக்கும், மோட்டாரில் உள்ள நிறுத்த ஸ்விட்சுக்குப் போகும் ஒயருக்கும் மின்சாரம் கொடுக்க வேண்டும்.

இந்த நிறுத்த ஸ்விட்சைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கைப்பிடியை மூடிய பிறகும் வைப்பர் நடுக் கண்ணாடியில் நிற்காமல், ஓரத்துக்கு வந்து படுத்துக்கொள்வதை எல்லாரும் பார்த்திருப்பார்கள். மோட்டாருக்குள் சுழலும் தட்டு ஒன்று, வைப்பர் ஓரத்தை அடையும் வரையில் மின்சாரத்தைத் தொடர்ந்து கொடுக்கிறது. ஓரத்தை அடைந்தவுடன் பல மோட்டார்களில் அதே தட்டு மோட்டாரின் பிரஷ்ஷை எர்த்துடன் இணைத்துவிடுகிறது. அப்போது சுழலும் மோட்டாரே டைனமோவாகித் தன்னைத் தானே பிடித்து நிறுத்திக்கொள்கிறது. மேலே சொன்ன ரிலே கைப்பிடிக்கு முன்னால் இருப்பதால் இந்த ஏற்பாடு கெடுவதில்லை. கைப்பிடிக்கும் மோட்டாருக்கும் நடுவே ரிலே வைப்பவர்களும் உண்டு. அதனால் லாபம் இன்னும் சற்று அதிகம். ஆனால் இரண்டு வேகமுள்ள மோட்டாரில் அதைத் தெரியாமல் செய்தால் ஆபத்து. விரைவு வேகத்தில் ஓடும்போது நிறுத்த ஸ்விட்சின் ஒயர் மெதுவேகப் பிரஷ்ஷோடு சேர்ந்திருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் மின்சாரம் நேரே எர்த்தில் பாய்ந்து பியூஸ் எரிந்துபோகும். ஆகையால் படம் போட்டு வேலை செய்யும் எலக்ட்ரீஷியன் கிடைத்தாலன்றி, அதில் இறங்காமலிருப்பதே நலம்.

நான்காவது, கைப்பிடி ஸ்விட்சின் முனைகளைச் சுத்தம் செய்து, கடைசித் துண்டு ஒயர்களையும் பார்வையிட வேண்டும். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் 5 மீட்டர் நீளத்தில் 5 ஆம்பியர் ஓடும்போது சுமார் 0.43 வோல்ட்டை விழுங்கும், 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் சுமார் 0.17 வோல்ட்டே விழுங்கும். வாய்க்காலை அகலப்படுத்துவதன் பலன் இதுதான்.

இவற்றைச் செய்து முடித்த பின்பு, முன் அளந்த நான்கு இடங்களிலும் திரும்ப அளக்க வேண்டும். உதாரணச் சங்கத்தின் வானில் எர்த் நஷ்டம் 0.1 ஆகவும், வரும் வழியின் நஷ்டம் 0.7 ஆகவும் குறைந்து, மோட்டாருக்கு 12.8 வோல்ட் கிடைத்ததாகக் கொள்ளலாம். வரும் வழியில் இன்னும் சற்று மிச்சம் இருப்பது கைப்பிடி ஸ்விட்சின் வயது. அதற்கு மேலும் வைப்பர் தயங்கினால், அப்போதுதான் மோட்டாரைச் சந்தேகிக்க வேண்டும்.

ஜாக்கிரதையாகக் கவனிக்க வேண்டிய சில விஷயங்களும் உண்டு. வேலை தொடங்குமுன் பாட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்ற வேண்டும். புதிய ஒயரின் பியூஸ் பாட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். இல்லையேல், வழியில் ஒயர் தேய்ந்து இரும்பில் பட்டால் வண்டியே தீப்பற்றும். பியூஸின் அளவு அந்த வானின் கைப்புத்தகத்தில் வைப்பருக்குக் கண்டபடியே இருக்கட்டும். அது பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியராக இருக்கும். எரிந்த பியூஸுக்குப் பதில் செம்பு இழையையோ, சிகரெட் காகிதத் தகட்டையோ சுற்றுவது, காவற்காரனை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும். இரும்புத் தகட்டின் ஓட்டை வழியாகச் செல்லும் ஒயருக்கு ரப்பர் வளையம் இட வேண்டும். முனைகளை முறுக்கி டேப் சுற்றாமல், உரிய கருவியால் நெரித்து இணைக்க வேண்டும்.

மிகப் பழைய வான் வைத்திருப்போர் இன்னும் இரண்டு விஷயங்களை அறிய வேண்டும். ஜெர்மனியின் வோல்க்ஸ்வாகன் வான்கள் 1966-ம் வருஷத்தின் நடுப்பகுதி வரையில் 6 வோல்ட் மின்சாரத்திலேயே ஓடின. அதே வேலைக்கு 6 வோல்ட்டில் இரட்டிப்பு ஆம்பியர் தேவை. அதே ஒயரில் நஷ்டமும் இரட்டிக்கும். கையிருப்பு அழுத்தமோ பாதி. ஆக, நஷ்டத்தின் வீதம் நான்கு மடங்காகிறது. அத்தகைய வண்டிகளில் சுத்தமான எர்த்தின் அவசியத்தைச் சொல்ல வேண்டியதில்லை. பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் முனையே எர்த் செய்யப்பட்டிருக்கும். அவற்றில் எலக்ட்ரானிக் கருவியை யோசியாமல் பூட்டினால் அது அக்கணமே பழுதாகும்.

தூறலிலும் மூடுபனியிலும் விட்டுவிட்டுத் துடைக்கும் கருவியைச் சேர்க்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். சேர்க்கலாம், பிரயோஜனம் உண்டு. காய்ந்த கண்ணாடியில் ஓயாமல் துடைப்பதால் ரப்பர் தேய்வதோடு, மோட்டாருக்கும் பளு ஏறுகிறது. கண்ணாடியைத் துடைக்கும் இக்கருவியின் சரித்திரமும் கவனிக்கத்தக்கது. அமெரிக்காவில் மேரி ஆண்டர்சன் என்ற மாது 1903-ம் வருஷத்தில் இதற்குப் பேடண்ட் பெற்றார். அது உள்ளிருந்து கையால் நெம்பித் துடைப்பது. பிறகு எஞ்சினின் உறிஞ்சும் சக்தியால் இயங்கும் வைப்பர்கள் வந்தன. அவை மேட்டில் ஏறும்போது தளர்ந்துவிட்டன. அதனால் மின்சார மோட்டார் நிலைத்தது. விட்டுவிட்டுத் துடைக்கும் எலக்ட்ரானிக் முறைக்கு ராபர்ட் கேர்ன்ஸ் என்பவர் 1967-ம் வருஷத்தில் பேடண்ட் பெற்றார். ஆனால் அடிப்படை வழி தூர்ந்திருக்கும் வண்டியில் இத்தகைய நவீனக் கருவியைச் சேர்ப்பது, வாய்க்கால் வெட்டாமல் உயர்ந்த விதை வாங்குவதை ஒக்கும். முதலில் வழி; பிறகே வசதி.

வைப்பரைப் பரீட்சிக்க மீட்டர் இல்லாதவர்களுக்குக் கடிகாரம் போதும். போய்த் திரும்புவதை ஒரு தடவையாகக் கொண்டு, ஈரக் கண்ணாடியில் ஒரு நிமிஷத்துக்கு எத்தனை தடவை துடைக்கிறது என்று எண்ண வேண்டும். அமெரிக்க நாட்டு விதியின்படி விரைவு வேகம் 45 தடவைக்கும், மெதுவேகம் 20 தடவைக்கும் குறையலாகாது. இரண்டுக்கும் வித்தியாசம் 15-க்குக் குறையலாகாது. நமது நாட்டிலும் 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 101-வது விதி, திறமையாக இயங்கும் வைப்பர் வேண்டுமென்று விதிக்கிறது. ஆகையால் இது டிரைவரின் சௌகரியம் மாத்திரமல்ல. வண்டிக்குச் சொந்தக்காரரான சங்கத்தின் கடமையுமாகும்.

அந்தச் சங்கத்தின் கதை எப்படி முடிந்தது? ரிலே, பியூஸ் பிடிப்பு, சில மீட்டர் ஒயர், அரைநாள் கூலி ஆகிய எல்லாம் சேர்ந்தும் புதிய மோட்டாருக்குக் கொடுத்த தொகையில் ஒரு சிறு பங்கே ஆயிற்று. கழற்றி எறியப்பட்டிருந்த பழைய மோட்டாரைப் பாட்டரியில் நேரே இணைத்துப் பார்த்தார்கள். அது வேகமாகச் சுழன்றது. அதைத் துடைத்துக் கிட்டங்கியில் உபரிச் சாமானாக வைத்தார்கள். டிரைவர்மேல் எழுதிய அபராதத் தீர்மானம் அடுத்த கூட்டத்தில் ரத்துச் செய்யப்பட்டது. தலைவர் எழுந்து, "ஐயா, குற்றம் உங்களுடையதல்ல. நீங்கள் சொன்னபோதே நாங்கள் அளந்து பார்த்திருக்க வேண்டும்" என்று சபையிலே சொன்னார். க்ளீனர் பையனின் வைத்தியச் செலவையும் சங்கமே ஏற்றது. ஆனால் அவனுடைய கை குணமாகச் சென்ற வாரங்களைத் திருப்பிக் கொடுக்க எந்தச் சங்கத்தாலும் ஆகாது.

ஆகையால் ஒவ்வொரு சங்கமும் புரட்டாசி மாதத்திலேயே தன் வானை நிறுத்தி, ஈரக் கண்ணாடியில் வைப்பரை ஓடவிட்டு, நான்கு இடங்களிலும் அளந்து, அந்த எண்களைத் தேதியுடன் வண்டிப் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். மறு வருஷம் அதே மாதத்தில் அளந்து, பழைய எண்களோடு ஒப்பிட வேண்டும். நஷ்டம் வளர்வது கண்ணுக்குத் தெரியுமுன் புத்தகத்தில் தெரிந்துவிடும். ஒரு மல்டிமீட்டரைப் பக்கத்துச் சங்கங்கள் இரண்டு மூன்று சேர்ந்து வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். கூட்டுறவின் கருத்தே அதுதானே. அளந்த பிறகே செலவு, அளந்த பிறகே குற்றச்சாட்டு என்னும் வழக்கம் வந்துவிட்டால், சங்கத்தின் பணமும் மிஞ்சும். மழையில் மலையிறங்கும் மனிதரும் வீடு திரும்புவார்.